மோட்டார் ரூமுக்குள்ள ஏஐ: எழுதச் சொல்றத விட படிச்சுக் காட்டச் சொல்லுங்க

டவுன்ல இருக்கற நண்பர்கள் ரெண்டு பேரு இந்த மாசம் ஒரே விஷயத்துக்கு நேரெதிரா புத்தி சொன்னாங்க. ரெண்டு பேருமே மென்பொருள் கம்பெனில நல்ல சம்பளத்துல இருக்கறவங்க. ஒருத்தர், "ஏனுங்க, பண்ணையம் பாக்கற ஆளு எதுக்குங்க கோடு படிக்கோணும்? ஏஐகிட்ட தமிழ்லயே சொல்லுங்க, அதுவே எழுதிக் குடுத்துரும். நாங்களே இப்ப அப்படித்தான்" அப்படிங்கறார். இன்னொருத்தர், "அதத் தொட்டுறாதீங்க, மண்டை மழுங்கிப் போயிரும்" அப்படிங்கறார். ரெண்டையும் கேட்டுக்கிட்டேன். ரெண்டுலயும் எனக்கு உடன்பாடு இல்லீங்க.

என்னைக் கேட்டா, எங்கள மாதிரி ஆளுங்களுக்கு இதனால வந்திருக்கற பெரிய லாபம், ஏற்கெனவே ஒருத்தர் எழுதி வச்சுட்டுப் போன கோட எடுத்து, பக்கத்துல உக்காந்து வரி வரியா படிச்சுக் காட்டுது பாருங்க, அதுதான். நான் படிச்சது பன்னெண்டாவது வரைக்கும், தமிழ் மீடியம். கோடிங் புஸ்தகம் முக்காவாசி இங்கிலீசு. தெரிஞ்ச பசங்ககிட்ட ரெண்டு தடவ கேக்கலாம். மூணாவது தடவ கேட்டா, "உங்களுக்கு எதுக்குங்க மாமா அதெல்லாம்" அப்படிம்பாங்க. இது அப்படிச் சொல்றதில்ல. ஒரே கேள்விய பத்து விதமா, ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்டாலும் சலிச்சுக்காம சொல்லுது. ஆனா அத எந்த வேலைக்கு உக்கார வைக்கறோம்ங்கறதுல நெறைய இருக்குது.

விஷயத்துக்கு வர்றேன். எங்க பக்கம் பண்ணை மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்டு நாள் முழுக்க இருக்காது. பகல்ல கொஞ்ச நேரம், ராத்திரில கொஞ்ச நேரம்னு வரும். முன்னெல்லாம் ரெண்டு மணிக்குக் கரண்டு வந்தா டார்ச்சத் தூக்கிட்டு கெணத்து மேட்டுக்கு ஓடோணும். பாம்பு பயம் வேற. பக்கத்து ஊர்ல பாலிடெக்னிக் முடிச்ச பையன் ஒருத்தன் ஒரு சின்ன போர்டு செஞ்சு குடுத்தான். த்ரீ பேஸ் வந்ததும் அஞ்சு நிமிஷம் காத்திருக்கும். கரண்டு வந்த உடனே சுத்துப்பட்டு மோட்டார் எல்லாம் ஒண்ணா ஓட ஆரம்பிச்சா வோல்டேஜு படுத்துக்குமில்ல, அதுக்கு. அப்புறம் ஸ்டார்ட்டர ஆன் பண்ணி ரெண்டு மணி நேரம் ஓட்டும். கெணத்துல தண்ணி எறங்கிட்டா மிதவை சுவிட்சு சொல்லும், உடனே நிறுத்தும். அவ்வளவுதான். எங்க தோட்டத்துக்கு ஒண்ணு, பங்காளி தோட்டத்துக்கு ஒண்ணு.

எங்களுது நல்லா ஓடுச்சு. பங்காளியோடது ஓடல. கரண்டு வரும், போர்டுல வெளக்கு எரியும், மோட்டார் மட்டும் போடாது. மணிக்கணக்கா நின்னு பாத்தாலும் போடாது. ஒரே பையன், ஒரே கோடு, ஒரே மாதிரி ஒயரிங். பையனோ அதுக்குள்ள வேலைக்கு வெளிநாடு போயிட்டான். போறப்ப கோட ஒரு பென்டிரைவுல போட்டுக் குடுத்துட்டுப் போனது அவனோட நல்ல மனசு. பங்காளி, "தம்பி, நீதான் எதையாச்சும் தட்டிக்கிட்டே இருக்கியே, பாத்துச் சொல்லு" அப்படின்னு கொண்டாந்து குடுத்துட்டார்.

அந்தக் கோட அப்படியே ஏஐகிட்ட குடுத்து, இதுல என்ன கோளாறுன்னு கேட்டதுக்கு, கோடு சரியா இருக்குது, ரிலேவுக்குப் போற ஒயரப் பாருங்கன்னுச்சு. ஒயர் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம்தான் அதுகிட்ட ரெண்டு போர்டையும் விவரமா சொன்னது. எங்களுது இஎஸ்பி 32. பங்காளிக்கு வச்சது விலை கம்மியான அர்டுயினோ ஊனோ மாதிரி. ஒவ்வொரு வரியா எடுத்துக்கோ, அந்த வரில வர்ற நம்பர் எவ்வளவு பெருசு, இந்த போர்டுல அது கொள்ளுமான்னு சொல்லிக்கிட்டே போ, அப்படின்னு கேட்டதும் அஞ்சு நிமிஷத்துல விஷயம் வெளிய வந்துருச்சு.

அஞ்சு நிமிஷம் காத்திருன்னு சொல்றதுக்கு அவன் எழுதியிருந்தது 5 பெருக்கல் 60 பெருக்கல் 1000. மில்லி செகண்டுக் கணக்கு. பெருக்கினா 3,00,000. எந்த மனுசன் பாத்தாலும் சரின்னுதான் சொல்லுவான். ஆனா ஊனோ போர்டுல சாதாரண நம்பர் ஒண்ணு தாங்கற உச்ச அளவு 32,767. அதுக்கு மேல போனா பழைய பைக்குல கிலோமீட்டர் மீட்டரு 99999 தாண்டினதும் 00000 ஆயிருமில்ல, அந்த மாதிரி சுத்தி வந்துரும். சுத்து ஒண்ணுக்கு 65,536. மூணு லட்சத்துல நாலு சுத்து போக மீதி 37,856. அதுவும் 32,767ஐத் தாண்டிட்டதால மைனஸ் பக்கம் விழுந்து மைனஸ் 27,680 ஆயிருது. காத்திருக்கற கட்டளைக்கு மைனஸ்னா என்னன்னே தெரியாது. அத ஒரு ராட்சச நம்பரா எடுத்துக்குது. நாளாக்கிப் பாத்தா கிட்டத்தட்ட 49 நாள், 17 மணி நேரம்! அஞ்சு நிமிஷம் பொறுடான்னா அந்தப் போர்டு ஒண்ணரை மாசத்துக்கு மேல பொறுமையா உக்காந்திருக்குது. நடுவுல யாராச்சும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா மறுபடி ஒண்ணுல இருந்து 49 நாளு.

எங்க இஎஸ்பி 32ல சாதாரண நம்பரே இருநூறு கோடிக்கு மேல தாங்கும். அதனால அதே வரி எங்களுக்கு ஓடுச்சு. பையன் சோதிச்சுப் பாத்த போர்டு ஒண்ணு, வச்ச போர்டு ஒண்ணு. மருந்து என்னன்னா அந்த 1000க்குப் பின்னால யூ, எல்னு ரெண்டு எழுத்து. பெரிய பாத்திரத்துல வச்சுப் பெருக்குன்னு அர்த்தம். "இதே வியாதி வேற எங்கயாச்சும் இருக்கா?" அப்படின்னு அடுத்து கேட்டதுக்கு, ரெண்டு மணி நேரக் கணக்கு எழுதின வரியக் காட்டுச்சு. மொத வரிய மட்டும் சரி பண்ணியிருந்தா மோட்டார் போட்ட கையோட நின்னிருக்கும். பங்காளி ஸ்டார்ட்டரக் கழட்டி டவுனுக்குத் தூக்கிட்டுப் போயிருப்பார்.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, ஏஐக்கு இந்த விஷயம் ஆரம்பத்துல இருந்தே தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் கோடு சரியா இருக்குதுன்னு சொல்லுச்சு. செம்மண்ணா கரிசலான்னு சொல்லாம உரக்கடைல போய் "நல்ல உரமாக் குடுங்க"ன்னா அவர் என்ன குடுப்பார்? எல்லாருக்கும் குடுக்கறதத்தான் குடுப்பார்.

கோடுங்கறதே எங்க ஊர் ஆளுங்களுக்குப் புதுசில்லீங்க, பேருதான் புதுசு. கீழ்பவானி ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். எல்லாத்துக்கும் ஒரே சமயத்துல தண்ணி பத்தாது. அதனால மதகு நம்பர் ஒற்றைப்படையா இரட்டைப்படையான்னு பாத்து, பாதி ஆயக்கட்டுக்கு ஒரு போகம், மீதிப் பாதிக்கு அடுத்த போகம்னு மாத்தி மாத்தி விடறாங்க. "மதகு ஒற்றைப்படையா இருந்தா இப்பத் திற, இல்லாட்டி அடுத்த முறைக்குத் திற" அப்படிங்கறது சுத்தமான இஃப், எல்ஸ். பங்காளிக்கு நான் அப்படித்தான் சொன்னேன். அவருக்கு உடனே புரிஞ்சுது. பள்ளிக்கூடத்துல பாஸ் மார்க் 35ங்கற உதாரணத்த வச்சே காலம் பூரா சொல்லிக் குடுக்கறாங்க. அதுக்கு எங்க வாய்க்கால் தேவலாம்.

இனி அண்ணன் மக கதை. இஞ்சினியரிங் மூணாவது வருசம். காலேஜ் பேரு வேண்டாம், எல்லாக் காலேஜுலயும் இப்ப இதே கதைதான்னு சொல்றாங்க. ப்ராஜெக்ட் கோடு முழுக்க ஏஐ எழுதினது. ஓட்டிக் காட்டினா அழகா ஓடுது. வாய்மொழித் தேர்வுல, இந்த இடத்துல ஏம்மா இந்த லூப்பு ரெண்டு தடவ சுத்துதுன்னு கேட்டதுக்கு வாயே தொறக்க முடியல. ஊருக்கு வந்து ரெண்டு நாளு சரியாச் சாப்பிடல. "எனக்கு ஒண்ணுமே தெரியல சித்தப்பா, மூணு வருசம் வீணாப் போச்சு" அப்படின்னு அழுகை. அண்ணன் கடன் வாங்கித்தான் படிக்க வைக்கறார். அந்த அழுகைக்கு வெலை இருக்குது.

"கண்ணு, நீ ஒண்ணும் எழுத வேண்டாம், இதப் படி" அப்படின்னு அந்தப் பாலிடெக்னிக் பையன் கோடத்தான் குடுத்தேன். அதுக்குக் கை சும்மா இருக்குமா? ஏஐகிட்ட குடுத்து, இத நல்லா திருத்தி எழுதுன்னுருச்சு. ஒரு நிமிஷத்துல வந்துருச்சு. பாக்க லட்சணமா, போன்ல பாக்கறதுக்குத் திரையெல்லாம் வச்சு. பழைய கோடு அதுக்கு முன்னால கந்தல் துணி.

மோட்டாருக்குப் பதிலா ஒரு பல்ப மாட்டி ஓட்டிப் பாத்தோம். மிதவை சுவிட்சு ஒயரக் கையில கழட்டி விட்டோம். பழைய கோட்டுல பல்பு அணைஞ்சுது. புதுக் கோட்டுல எரிஞ்சுது.

பையன் அந்தச் சுவிட்ச ஒரு தினுசா ஒயரிங் பண்ணியிருந்தான். தண்ணி இருக்கறப்ப சுவிட்சு மூடியிருக்கும். தண்ணி எறங்கினா தொறந்துக்கும். சுவிட்சு தொறந்தாலும் சரி, எலி ஒயரக் கடிச்சு அத்துப் போட்டாலும் சரி, போர்டுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்: தண்ணி இல்ல, நிறுத்து. எலி கடிக்காத ஒயரு எந்த மோட்டார் ரூம்ல இருக்குது? தண்ணில்லாம சப்மெர்சிபிள் ஓடினா குளுந்துக்க வழியில்லாம காயில் கருகிப் போகும். அவன் யோசிச்சுப் பண்ணின காரியம் அது. கோட்டுல ஒரே ஒரு வரி. எதுக்குன்னு பக்கத்துல எழுதி வைக்கல. ஏஐ திருத்தி எழுதறப்ப, சிக்னல் வந்தா தண்ணி இருக்குதுன்னு தானா நெனச்சுக்கிட்டு அந்த வரியத் தலைகீழா மாத்திருச்சு.

அப்புறம் அண்ணன் மகளே கேட்டா: "மிதவை ஒயர் அறுந்து போனா, பழைய கோட்டுல என்ன ஆகும், நீ எழுதினதுல என்ன ஆகும்?" டக்குன்னு சரியான பதில் வந்துச்சு. பழசுல நிக்கும், என்னுதுல ஓடும், இது ஆபத்துன்னு அதுவே சொல்லுச்சு. கேட்டாச் சொல்லுது, கேக்கலேன்னா சொல்றதில்ல. எலியப் பத்திக் கேக்கோணும்னு தோணறதுக்கு மோட்டார் ரூம் தெரிஞ்சிருக்கோணும், அந்த ஒரு வரி அங்க இருக்குதுன்னும் தெரிஞ்சிருக்கோணும். எழுதச் சொன்னவளுக்கு ரெண்டாவது தெரியல. படிச்சிருந்தாத் தெரிஞ்சிருக்கும்.

டென்மார்க்குல பீட்டர் நவுர்னு ஒரு கம்ப்யூட்டர் அறிஞர். 2005ல டூரிங் விருது வாங்கினவர். அவர் 1985லயே ஒரு கட்டுரை எழுதியிருக்கார். புரோகிராம்ங்கறது பேப்பர்ல இருக்கற எழுத்து மட்டுமில்ல, அத எழுதினவங்க மனசுல இருக்கற புரிதல்தான் அதோட உசிரு, அந்த ஆளுங்க கலைஞ்சு போயிட்டா புரோகிராமுக்கும் சாவுதான், ஓடிக்கிட்டு இருந்தாலும்னு அவர் கட்சி. மென்பொருள் நண்பர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டதும் எங்க வாய்க்கால்ல லஸ்கர் வேலைல இருந்த பெரியவர் ஞாபகம் வந்துச்சு. எந்த மடைய எத்தன சாண் தூக்கினா கடைசி வயலுக்குத் தண்ணி எந்நேரம் போய்ச் சேரும், எந்தக் கரை அரிக்கும், எல்லாம் அவர் மண்டைல. அவர் ஓய்வு வாங்கினப்ப நோட்டுப் புஸ்தகத்த ஒப்படைச்சுட்டுத்தான் போனார். நோட்டுல இருந்தது மதகு நம்பரும் தேதியும். அடுத்து வந்தவர் ரெண்டு போகம் தடுமாறினார். அப்புறம் தெனமும் பெரியவர் ஊட்டுத் திண்ணைல போய் உக்காந்து, "இந்த மடைய ஏங்க இப்படி வச்சீங்க?" அப்படின்னு ஒண்ணொண்ணாக் கேட்டுக் கத்துக்கிட்டார். "நீங்களே வந்து திறந்து உடுங்க"ன்னு கூப்பிட்டிருந்தாப் பெரியவரும் வந்திருப்பார். அவரு போய்ச் சேர்ந்த அன்னைக்கு என்ன பண்றது?

மண்டை மழுங்கிரும்னு சொன்ன நண்பர் பக்கமும் நியாயம் இருக்குது. துருக்கில உயர்நிலைப் பள்ளிப் பசங்க கிட்டத்தட்ட 1000 பேர வச்சு கணக்குப் பாடத்துல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்காரங்க ஒரு ஆராய்ச்சி பண்ணி 2024ல வெளியிட்டாங்க. சாதாரணமா நாம பேசற மாதிரி ஏஐ கெடச்ச பசங்க, பயிற்சிக் கணக்குல 48 சதவீதம் கூடுதலா மார்க் எடுத்தாங்க. ஏஐய எடுத்துட்டுப் பரீட்சை வச்சா, அதப் பாக்காத பசங்கள விட 17 சதவீதம் கம்மி. இன்னொரு கூட்டத்துக்கு, விடையச் சொல்லாம குறிப்பு மட்டும் சொல்ற மாதிரி வாத்தியார்கள வச்சுப் பக்குவம் பண்ணின ஏஐ. அவங்க பயிற்சில 127 சதவீதம் கூடுதல், பரீட்சைலயும் பெருசா எறங்கல. கூப்பிடற முறைலதான் வித்தியாசம். அதனால தொடவே தொடாதீங்கங்கறத நான் ஏத்துக்க மாட்டேன். அந்த நண்பருக்குக் காலேஜு இருந்துச்சு, சீனியர் இருந்தாங்க. எங்களுக்கு இப்பத்தான் ஒரு வாத்தியார் கெடச்சிருக்கார். அவரையும் வெரட்டி உடச் சொன்னா எப்படி?

லீவு முடியறதுக்குள்ள அந்தப் பொண்ணு ஒரு பழக்கத்துக்கு வந்துருச்சு. ஒரு வரியப் பாத்ததும், இது என்ன பண்ணும்னு மொதல்ல நோட்டுல தன் கையால எழுதோணும். அதுக்கப்புறம்தான் ஏஐகிட்ட கேக்கறது. ரெண்டும் ஒத்துப் போகலேன்னா போர்டுல ஓட்டிப் பாக்கறது. தீர்ப்பு போர்டோடதுதான். அது முகஸ்துதி பண்ணாது. ஏஐக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு பாருங்க. வேணும்னே தப்பா ஒண்ணச் சொல்லி, "அப்படித்தான?"ன்னு கேட்டா, பல சமயம் "ஆமாங்க, சரியாச் சொன்னீங்க"ன்னுருது. அதனால "அப்படித்தான"ன்னு முடியற கேள்விய நாங்க கேக்கறதே இல்ல. "இது எப்பத் தப்பாப் போகும்?"னு கேக்கறோம்.

அப்படிக் கேட்டதுலதான் இன்னொண்ணு கெடச்சுது. போர்டுல ஓடற மில்லி செகண்டு கடியாரமே 49 நாள், 17 மணி நேரத்துல சுத்தி வந்து மறுபடி சைபர்ல இருந்து ஆரம்பிக்குமாம். இது இஎஸ்பிக்கும் உண்டு. எங்க போர்டு பேட்டரில ஓடறதால நிக்கறதே இல்ல, அதனால அம்பதாவது நாளு வந்தே தீரும். ஆரம்பிச்ச நேரத்தோட ரெண்டு மணியக் கூட்டி வச்சு, அத்தன மணி ஆச்சான்னு பாத்தா அந்தச் சுத்துல கணக்குக் கெட்டுரும். இப்ப இருக்கற நேரத்துல இருந்து ஆரம்பிச்ச நேரத்தக் கழிச்சா சுத்தினாலும் கெடாது. பைக் மீட்டரு 99990ல கெளம்பி 00015க்கு வந்தா எத்தன கிலோமீட்டர் ஓட்டினோம்? இருபத்தஞ்சு. மீட்டர் சுத்தினதால பெட்ரோல் கூடவா செலவாகுது? இந்த பைக் உதாரணத்த அண்ணன் மகதான் எடுத்துச் சொன்னா. ஏஐ சொன்ன உதாரணம் ஓட்டப் பந்தய மைதானம். எங்க ஊர்ல மைதானம் ஏது!

தமிழ்ல கேக்கலாமான்னா, தாராளமாக் கேக்கலாம். ஆனா கோட்டுல வர்ற பேருகள அப்படியே உடச் சொல்லோணும். இல்லாட்டி எல்லாத்தையும் செந்தமிழாக்கி, எந்த வரியப் பத்திப் பேசுதுன்னே தெரியாமப் பண்ணிரும்.

2025 பிப்ரவரில ஆந்த்ரே கார்பத்திங்கறவர் "வைப் கோடிங்"னு ஒரு பேரு வச்சார். கோடே ஒண்ணு இருக்கறத மறந்துட்டு, சொல்லிச் சொல்லியே வேலைய முடிக்கறதாம். வாரக் கடைசில வெளையாட்டுக்குச் செஞ்சு தூக்கிப் போடற சமாச்சாரத்துக்கு அது பரவால்லன்னுதான் அவரே எழுதினார். எங்க மோட்டார் வெளையாட்டு இல்லீங்க. அது கருகினா காயில் கட்டக் காசு, ஏத்தி எறக்க ஆளுக்கூலி, அதுக்குள்ள காயற மஞ்சள். உங்க ஆபீசுலயும் ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துருச்சுன்னு போன் அடிச்சு எழுப்பறாங்கன்னு சொல்றீங்களே, அப்ப அந்தக் கோடு என்ன பண்ணுதுன்னு யாருக்காச்சும் தெரிஞ்சிருக்கோணுமில்ல? ஏஐகிட்ட கேட்டுக்கலாம்னு சொல்லுவீங்க. கேளுங்க. என்ன கேப்பீங்க?

எந்த ஏஐ நல்லதுன்னு அடுத்து கேப்பீங்க. காசில்லாமக் கெடைக்கறதே இந்த வேலைக்குப் போதும். அண்ணன் மக அடுத்த லீவுக்கு வர்றப்ப சொட்டுநீர் வால்வுக்கு யாரோ எழுதி வச்ச கோடு ஒண்ணு படிக்கக் காத்துக்கிட்டு இருக்குது. பங்காளி போர்டு ஒழுங்கா ஓடுது. மிதவை ஒயர எலி மறுபடி கடிச்சிருச்சு, மோட்டார் சொன்னபடி நின்னுக்கிச்சு. ஏஐகிட்ட கேட்டா ஒயர பைப்புக்குள்ள உட்டு இழுக்கச் சொல்லுது. அது பங்காளிக்கும் தெரியும். பைப்பு வாங்கத்தான் அவரு இன்னும் டவுனுக்குப் போகல.